பப்பைரஸ் ஏடுகள்: படித்தது எது, நிரப்பியது எது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில் இங்கே இடம்பெறுகிறது.)



ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அங்குள்ள தேசிய நூலகத்தில் ஒரு பழைய ஏடு இருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல இடங்களில் சிதைந்துபோன அந்த ஏட்டின் ஒரு பக்கத்தில் ஒரு கடன் ஒப்பந்தம் தொடர்பான செய்தி. அதில் 'முசிறி' என்ற ஊர்ப்பெயர். மறுபக்கத்தில் 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. 1985ஆம் ஆண்டில் இந்த ஏடு அச்சில் வெளிவந்தபோது வரலாற்று உலகமே திரும்பிப் பார்த்தது.

முசிறி, சேர நாட்டுத் துறைமுகம். இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர் வட்டாரத்தில் இருந்ததாகக் கருதப்படுகிறது. முசிறி என்றதும் தமிழர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது மிளகு. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் நமக்குச் சொல்கிறது. அப்படியானால் வியன்னா ஏட்டில் மிளகு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் சரியான பதில் சற்று நீளமானது. அந்தப் பதிலைப் புரிந்துகொண்டால், பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும் பணி எவ்வளவு பொறுப்பு மிக்கது என்பதும் புரிந்துவிடும். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

பப்பைரஸ் என்றால் என்ன?

பப்பைரஸ் என்பது நைல் நதிக்கரைச் சதுப்பு நிலத்தில் வளர்ந்த ஒரு கோரைச் செடி. ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். அதன் தண்டின் உள்சதையை மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். ஒரு வரிசையை நெடுக்காகவும் இன்னொரு வரிசையை அதன்மேல் குறுக்காகவும் அடுக்கி, நன்றாக அழுத்திக் காயவைப்பார்கள். இரண்டு அடுக்கும் ஒட்டிக்கொண்டு ஒரு தாளாகிவிடும். பல தாள்களை வரிசையாக ஒட்டினால் ஒரு சுருள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் புத்தகம், கடிதம், பத்திரம், வரி ரசீது என்று அனைத்தையும் இதில்தான் எழுதினார்கள்.

நமது பனையோலைச் சுவடியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் ஈரக் காற்றிலும் செல்லரிப்பிலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. யாராவது புதிய ஓலையில் படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். எகிப்தில் நிலைமை வேறு. மழையே இல்லாத மணற்பகுதியில் புதைந்த தாள் ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்கும் நிலையில் கிடைக்கிறது. கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் எழுதப்பட்ட தாள்கள் ஈரத்தில் மக்கிப் போயின. எகிப்தின் சிற்றூர்களில் எழுதப்பட்டவை தப்பித்தன. எகிப்தின் ஆட்சி மொழியாகக் கிரேக்கமே நீண்ட காலம் இருந்ததால், அங்கே கிடைப்பவற்றில் கிரேக்க ஏடுகளே மிக அதிகம். இலத்தீன் ஏடுகள் குறைவு. ராணுவம், ரோமானியச் சட்டம் ஆகியவை தொடர்பானவற்றில்தான் இலத்தீனைக் கூடுதலாகக் காணலாம்.

குப்பைமேட்டுப் புதையல்

1896ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிரென்ஃபெல், ஆர்தர் ஹன்ட் ஆகிய இரண்டு இளைஞர்கள் எகிப்துக்குச் சென்றார்கள். கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய நகரம் இருந்த இடத்தில் தோண்டத் தொடங்கினார்கள். அவர்கள் தோண்டியது அரண்மனையையோ கல்லறையையோ அல்ல. அந்த ஊர் மக்கள் பல நூறு ஆண்டுகளாகக் குப்பை கொட்டிய மேடுகளை!

அந்தக் குப்பையில் கிடைத்த துண்டுகள் ஏறத்தாழ அரை மில்லியன். தொலைந்துபோனதாக நினைத்த சோஃபொக்ளீஸின் நாடகப் பகுதி, சாஃபோவின் பாடல்கள் முதலியவை ஒருபுறம். கழுதை விற்ற சீட்டு, திருமண ஒப்பந்தம், வீட்டுக்கு எழுதிய கடிதம் என்று சாதாரண மனிதர்களின் தாள்கள் மறுபுறம்.

இன்னொரு சுவையான நிகழ்ச்சியும் உண்டு. 1900ஆம் ஆண்டில் தெப்துனிஸ் என்ற இடத்தில் இதே அறிஞர்கள் தோண்டியபோது, பதப்படுத்திப் புதைத்த முதலைகள்தாம் வரிசையாக வந்தன. எரிச்சலடைந்த ஒரு வேலையாள் ஒரு முதலையை உடைத்துப் போட்டார். பார்த்தால், முதலையைச் சுற்றியிருந்தது பழைய பப்பைரஸ் தாள்கள்! எழுதிப் பயன் முடிந்த தாளை நாம் பொட்டலம் கட்டுவதற்கு எடுத்துக்கொள்வதுபோல, அவர்கள் முதலையைச் சுற்றுவதற்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த 500,000 துண்டுகளில் எத்தனை படித்து வெளியிடப்பட்டுள்ளன? முதல் தொகுதி 1898ஆம் ஆண்டில் வந்தது. 85க்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. வெளிவந்த ஏடுகளின் எண்ணிக்கை ஐயாயிரத்துச் சொச்சம். அதாவது, சுமார் 125 ஆண்டு உழைப்பில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வந்திருக்கிறோம். மிச்சமுள்ளவற்றில் பல விரல்நகம் அளவுத் துணுக்குகள் என்பதும் உண்மைதான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

துண்டு முதலில் பாதுகாப்பாளரிடம் போகும். அவர் இலேசாக ஈரப்படுத்தி, மடிப்புகளைப் பொறுமையாக நீக்கி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைப்பார். பிறகு அறிஞர் படிக்க வேண்டும். பழங்கால கிரேக்க எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. அலுவலக எழுத்தர்கள் கூட்டெழுத்தில் கிறுக்கியிருப்பார்கள். மை மங்கியிருக்கும். வரியின் தொடக்கமோ முடிவோ கிழிந்திருக்கும்.

இங்கேதான் இன்றைய உரையின் மையக் கருத்து வருகிறது. கிழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை அறிஞர் ஊகித்து நிரப்புவார். அதில் தவறில்லை. ஆனால் "இது ஏட்டில் இருப்பது, இது நான் நிரப்பியது" என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். அதற்கென்று 1931ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் அறிஞர்கள் கூடிச் சில பொதுக் குறியீடுகளை ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் அவையே நடைமுறை.

தமிழிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். இது நானே அமைத்த உதாரணம். ஒரு கடைக் கணக்கில் 'மி' என்ற எழுத்து மட்டும் மிஞ்சி, மீதி கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது மிளகு என்று கருதும் அறிஞர் மி[ளகு] என்று அச்சிடுவார். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது அவருடைய ஊகம். ஒருவேளை அது மி[தியடி] ஆகவும் இருக்கலாம் அல்லவா? எழுத்து பாதி தெரிந்து ஐயமாக இருந்தால் அதன் கீழே ஒரு புள்ளி வைப்பார். எழுத்தர் சுருக்கமாக எழுதிய சொல்லை விரித்து எழுதினால், விரித்த பகுதியை வளைந்த அடைப்புக்குறிக்குள் போடுவார். சின்னக் குறிகள்தாம். ஆனால் ஓர் அறிஞரின் நாணயமே இந்தக் குறிகளில்தான் இருக்கிறது.

மிளகு எங்கே?

இப்போது வியன்னா ஏட்டுக்குத் திரும்புவோம். சரக்குக் கணக்கில் எஞ்சியிருக்கும் பகுதியில் தெளிவாகத் தெரிவன எவை? கங்கைச் சமவெளியிலிருந்து வந்த சடாமாஞ்சி என்னும் நறுமணப் பொருள், 60 பெட்டிகள். யானைத் தந்தம். 'ஸ்கிதாய்' என்ற இன்னொரு சரக்கு. இறுதியில் 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும் என்று ஒரு தொகை. ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. ஆக, ஏறத்தாழ 7 மில்லியன் திராக்மா. சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கை அரசாங்கம் சுங்கவரியாக எடுத்துக்கொண்டது.

எஞ்சிய வரிகளில் மிளகு என்ற சொல் இல்லை. தந்தமும் சடாமாஞ்சியும் மட்டும் இவ்வளவு பெருந்தொகைக்கு ஈடாகாது. ஆகவே தொலைந்துபோன பகுதியில் மிளகு இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அறிஞர்கள் சொல்கிறார்கள். இத்தாலிய அறிஞர் ஃபெடெரிகோ டி ரோமானிஸ் 2020ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். ஊகம் வலுவானதுதான். என்றாலும், அது அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டிய மிளகு. இதுதான் அந்த நீளமான பதில்.

'ஸ்கிதாய்' என்பதன் கதையும் இதே பாடத்தைத் தருகிறது. தொடக்கத்தில் அதைத் துணி என்று பொருள்கொண்டவர்கள் உண்டு. பின்னால் வந்த அறிஞர்கள், அது தந்தத்தின் துண்டுகளைக் குறிக்கிறது என்று காட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில், முசிறியிலிருந்து துணி ஏற்றுமதியானதற்கு இந்த ஏடு சான்று என்று எழுதியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கணினிக்கு வந்தபோது

கிரேக்க, இலத்தீன் ஏடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாகிவிட்டது. அப்போது கணினியில் கிரேக்க எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளையே குறியீடாக வைத்துத் தட்டச்சு செய்தார்கள். பல்வேறு தமிழ் எழுத்துருக்களோடு மல்லாடிப் பின்னர் யூனிகோடுக்கு வந்த நமக்கு அந்தச் சிரமம் புரியும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஏட்டின் காலம், இடம், பொருள் ஆகியவற்றைத் தொகுத்தது. 1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து படங்களையும் விவரங்களையும் இணையத்தில் ஏற்றின. இந்த மூன்று ஓடைகளும் இன்று ஒரே இணையத்தளத்தில் சேர்ந்திருக்கின்றன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளின் வாசகத்தை யாரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம்.

அன்பர்கள் சிலர், மின்னிலக்கமாக்குவது என்றால் படமெடுத்து வைப்பது என்று நினைக்கிறார்கள். படம் முதல் படிதான். நல்ல படத்தால் பெரும் பயன் உண்டு. அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்தால், கருகிய தாளிலும் கரி மை தனியே தெரிகிறது. ஆனால் படத்தைத் தேட முடியாது. வாசகம் வேண்டும். வாசகத்தில், எந்த எழுத்து தெளிவு, எது ஐயம், எது நிரப்பியது என்று கணினிக்குப் புரியும்படி குறித்திருக்க வேண்டும். ஏடு எங்கே கிடைத்தது, யார் முதலில் படித்தார், யார் எப்போது திருத்தினார் என்ற விவரமும் கூடவே வேண்டும். நான் சொன்ன இணையத்தளத்தில், ஒருவர் திருத்தம் அனுப்பினால் ஆசிரியர் குழு வாக்களித்து ஏற்கும். பழைய வாசிப்பும் அழிக்கப்படாமல் வரலாறாக நிற்கும்.

குறிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மிளகு என்று தேடுபவருக்கு மி[ளகு] என்பதும் மிளகு என்றே வந்து நிற்கும். "அந்த ஏட்டிலும் மிளகு இருக்கிறதே" என்று அவர் இன்னோர் ஏட்டின் கிழிசலில் மிளகை நிரப்புவார். ஓர் ஊகத்துக்கு இன்னோர் ஊகம் சாட்சி! அச்சுப் புத்தகத்தில் இது மெதுவாக நடக்கும். கணினியில் ஒரே நாளில் உலகம் முழுவதும் பரவிவிடும்.

பிரிந்தவை சேர்வதும், காணாமற்போனவை திரும்புவதும்

மின்னிலக்கத்தின் இன்னொரு பயன், சிதறியவற்றைச் சேர்ப்பது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்திய நிதியமைச்சர் ஒருவரிடம் காரியதரிசியாக இருந்தவர் ஸெனோன். அவர் சேர்த்து வைத்திருந்த கடிதங்களும் கணக்குகளும் ஏறத்தாழ இரண்டாயிரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை வியாபாரிகள் கையில் சிக்கி, கெய்ரோ, லண்டன், ஃபுளோரன்ஸ், மிச்சிகன் என்று பல ஊர்களுக்குப் பிரிந்து போயின. ஒரே பெட்டியில் இருந்த தாள்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு முன்பு கடல் கடக்க வேண்டியிருந்தது. இப்போது மேசையில் இருந்தபடியே பார்க்கலாம்.

பதிவு இருந்தால் பொருளும் திரும்பும் என்பதற்கு 2019ஆம் ஆண்டில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஆக்ஸிரிங்கஸ் ஏடுகளின் உரிமையாளரான எகிப்து ஆய்வுக் கழகம், தன் ஏடுகள் சில அனுமதியின்றி வெளியே சென்று, அமெரிக்காவில் விவிலிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருப்பதாக அறிவித்தது. அங்கே இருந்தவை 13 துண்டுகள். மொத்தத்தில் 120 துண்டுகள் அளவுக்குக் காணவில்லை என்றும் தெரியவந்தது. பெரும்பாலானவற்றின் அட்டவணை அட்டையும் படமும்கூட மறைந்திருந்தன! ஆனால் கழகத்திடம் மாற்றுப் பதிவு ஒன்று தனியாக இருந்தது. அதை வைத்துத்தான், அச்சில் வராத அந்தத் துண்டுகளை அடையாளம் காண முடிந்தது. அருங்காட்சியகமும் அவற்றைத் திருப்பித் தர முன்வந்தது.

கருகிய சுருளும் கணினியும்

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற இத்தாலிய நகரம் புதைந்தது. 1752ஆம் ஆண்டில் அங்கே ஒரு மாளிகையில் நூற்றுக்கணக்கான சுருள்கள் கிடைத்தன. பெரும்பாலும் கிரேக்கம், கொஞ்சம் இலத்தீன். எல்லாமே கரிக்கட்டை போல் இருந்தன. கத்தியால் பிளந்தார்கள், கருவி வைத்து இழுத்தார்கள். படித்தது கொஞ்சம், பொடியாகிப் போனது அதிகம்.

இன்று சுருளைத் திறப்பதே இல்லை. ஊடுகதிர் மூலம் உள்ளிருக்கும் அடுக்குகளைப் படமெடுத்து, கணினியில் விரித்துப் பார்க்கிறார்கள். கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் இதற்காகப் பல்லாண்டு உழைத்தவர். 2023ஆம் ஆண்டில் உலகளாவிய போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் 'ஊதா' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் முதலில் வெளிப்பட்டது. 2024 பிப்ரவரியில், எகிப்து, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து நாடுகளைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் ஒரு குழுவாக 700,000 அமெரிக்க டாலர் பரிசை வென்றார்கள். இன்பம் என்றால் என்ன என்று ஆராயும் ஒரு தத்துவ நூலின் 15 பத்திகள், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் வெளிவந்தன. 2025ஆம் ஆண்டில், ஆக்ஸ்ஃபர்டில் உள்ள இன்னொரு சுருளின் தலைப்பும் படிக்கப்பட்டது. ஃபிலொடெமஸ் என்ற தத்துவஞானி தீய குணங்களைப் பற்றி எழுதிய நூல் அது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மையைக் கண்டுபிடிக்கும் அந்தக் கணினி நிரலுக்குக் கிரேக்கம் தெரியாது. வேண்டுமென்றேதான் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு மிகச் சிறிய பரப்பை மட்டும் பார்த்து, இங்கே மை உண்டா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். எழுத்து தெரிந்தால் கணினி இல்லாத எழுத்தையும் கற்பனை செய்துவிடக்கூடும் என்பதே காரணம். சேர்ந்து வரும் எழுத்தைப் படித்து ஏற்பதும் மறுப்பதும் மொழியறிந்த அறிஞர்கள்.

வேறு வகைக் கணினி நிரல்களும் வந்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் வெளியான 'இத்தாக்கா' என்னும் செயற்கை நுண்ணறிவு, கிரேக்கக் கல்வெட்டுகளில் சிதைந்த இடத்தை நிரப்பித் தருகிறது. தனியாகச் செய்தபோது அதன் துல்லியம் 62 விழுக்காடு. வரலாற்று அறிஞர்கள் அதன் துணையோடு செய்தபோது 72 விழுக்காடு. அது ஒரே விடையைத் தராமல், பல விடைகளையும் அவற்றின் வாய்ப்பு அளவையும் தருவது பாராட்டத்தக்கது. ஆனாலும் 72 என்றால், மீதி 28 என்ன? அதனால்தான் இனிமேல் அடைப்புக்குறி முன்னைவிட அவசியம். நிரப்பியது மனிதரா இயந்திரமா என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டிய காலம் இது.

அரங்கிலிருந்து ஒரு கேள்வி

அரங்கில் ஓர் ஐயா எழுந்து, "இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் ஏடு. நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஐயா, முசிறிக்கு வந்த கப்பல்களை நம் புலவர் கரையில் நின்று பார்த்தார். அதே வாணிகத்தை அந்தக் கரையிலிருந்து பார்த்த கணக்குப்பிள்ளையின் தாள் வியன்னாவில் இருக்கிறது. பாட்டும் கணக்கும் ஒன்றுக்கொன்று துணை நிற்பது எவ்வளவு பெரிய பேறு! அந்தப் பேற்றை நாம் மிகைப்படுத்திக் கெடுத்துவிடக் கூடாது. "ஏட்டில் மிளகு எழுதியிருக்கிறது" என்று மேடையில் முழங்கினால், ஏட்டைப் படித்த ஒருவர் எழுந்து "எந்த வரியில்?" என்று கேட்பார். அப்போது நாம் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். "எஞ்சிய வரிகளில் இல்லை, தொலைந்த பகுதியில் இருந்திருக்கும் என்பதற்கு இன்ன காரணம்" என்று சொன்னால் யாராலும் அசைக்க முடியாது.

இன்னொன்றும் சொல்வேன். நம்மில் பலர் வீட்டில் தாத்தா காலத்துக் கடிதமோ கடைக் கணக்கோ ஓர் ஓலைக்கட்டோ இருக்கக்கூடும். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கிறீர்கள், நல்லது. அதோடு, அது யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர் என்பதையும் எழுதி வையுங்கள். படிக்க முடிந்ததை அப்படியே எழுதுங்கள். முடியாத இடத்தில் நீங்கள் நினைப்பதை எழுதினால், அதை ஓர் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ஒரு பிரதியை வேறு இடத்திலும் வையுங்கள்.

பின்னால் வருபவர்கள் நம்மைவிட நன்றாகப் படிக்கக்கூடும். எங்கே நாம் தடுமாறினோம் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே திருத்த முடியும்?